ஹண்டருக்குக் குண்டு கட்டியவர்கள்: 65, 71 விமானப்படை நினைவுகள்

ஹாசிமாரா மகள்:

அப்பா விமானப்படையில் ஆர்மமென்ட் ஃபிட்டர், அதாவது விமான ஆயுதங்களைக் கவனிப்பவர். 1971 போரின்போது வடக்கு வங்காளத்தில் ஹாசிமாரா தளத்தில், ஹண்டர் சண்டை விமானங்கள் இருந்த ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) இருந்தார். இப்போது எண்பதை நெருங்குகிறார். காதுதான் மந்தம், ஞாபகம் கெட்டி.

போன மாதம் என் பையன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா, நீங்க எத்தனை பிளேனைச் சுட்டீங்க?” என்று கேட்டான். “நான் எங்கடா சுட்டேன்? சுடுறவங்களுக்குக் கட்டிக் கொடுத்தேன்” என்றார். பையனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கோ அதுவரை தோன்றாத கேள்வி தோன்றியது. கட்டிக் கொடுப்பது என்றால் என்ன? எதை, எப்படி, எத்தனை பேர் சேர்ந்து?

தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் விமானிகளின் கதை. அதைக் குறை சொல்லவில்லை, உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு விமானம் மேலே போக வேண்டுமென்றால் கீழே ஒரு கூட்டமே ராத்திரி பகலாக வேலை செய்திருக்க வேண்டுமே, அவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்? நம்மூரிலிருந்து அந்தக் காலத்தில் ஏர்மேனாகச் சேர்ந்தவர்கள் கொஞ்சநஞ்சமா?

அவர் சொல்வதை எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, எப்படிக் கேட்பது? “போரைப் பத்திச் சொல்லுங்கப்பா” என்றால் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். இரண்டு, அவர் சொல்வதைச் சரிபார்க்க வேண்டுமா, அப்படியே எழுதலாமா?

பழைய ஃபிட்டர்:

அம்மா, வணக்கம். நான் எஞ்சின் ஃபிட்டர். ஜாலஹள்ளியில் பயிற்சி, பிறகு கான்பெரா குண்டுவீச்சு விமானம். 71 டிசம்பரில் ஆக்ராவில் இருந்தேன்.

“போரைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் எங்களுக்கு ஒன்றும் வராது. போரை நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது விமானத்தின் அடிவயிறு. அதைப் பற்றிக் கேளுங்கள். கையில் என்ன டூல் இருந்தது, யார் பக்கத்தில் நின்றது, எந்த வேலை கஷ்டம், எந்த நட்டு கைக்கு எட்டாது, இப்படி. அப்பா தானாகப் பேசுவார்.

என் கதையைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் ஒரே நேரத்தில் நம் தளங்கள் பலவற்றை அடித்தது: அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர், அவந்திபூர், அம்பாலா என்று. ஆக்ரா எல்லையிலிருந்து வெகுதூரம், அங்கே யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் இருந்தோம். அவர்களின் பி-57 குண்டுவீச்சு விமானம் அங்கேயும் வந்தது. அந்தச் சமயத்தில் தாஜ்மகாலையே துணி போட்டு, செடி கொடி வைத்து மூடியிருந்தார்கள், நிலா வெளிச்சத்தில் அது பளிச்சென்று வழி காட்டிவிடும் என்று. நாங்கள் டிரெஞ்சிலிருந்து எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நேராக விமானத்துக்குத்தான் போனோம். அன்று இரவே நம் கான்பெராக்கள் கிளம்பின.

கான்பெராவைக் கிளப்புவது கார்ட்ரிட்ஜில். துப்பாக்கித் தோட்டா மாதிரியே, ஆனால் பெரிது. அது வெடித்து வரும் வாயு ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடும். குப்பென்று கரும்புகை வரும். புதுப் பையன்கள் எஞ்சின் தீப்பிடித்துவிட்டது என்று ஓடுவார்கள். விளக்கெல்லாம் அணைத்த பிளாக்அவுட்டில், டார்ச் கண்ணாடிக்கு நீலக் காகிதம் ஒட்டி, பனிக்காற்றில் விரல் மரத்துப்போய் அந்தக் கார்ட்ரிட்ஜை மாட்டியதுதான் எனக்குப் போர். அது சீறிக்கொண்டு கிளம்பாமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிய பயம். குண்டு பயம் இரண்டாவது.

வான்கணக்கு:

நல்ல இழை. இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கட்டாயம் சரிபார்க்க வேண்டும். அப்பாவை நம்பாததால் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்தில் நினைவோடு படித்தது, கேட்டது, சினிமாவில் பார்த்தது எல்லாம் கலந்துவிடும். விமானப்படை விஷயத்தில் இது ரொம்ப அதிகம். ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டையில் இருந்தேன் என்று சொல்பவர்களை எல்லாம் கூட்டினால் ஜெய்சல்மேர் தளமே கொள்ளாது. உண்மையில் டிசம்பர் 5 காலை அங்கிருந்து பறந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய ஹண்டர்கள்தான். இரவில் சண்டையிடும் வசதி அவற்றில் இல்லை. அதனால் விடியும்வரை தரைப்படை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது.

ஹாசிமாரா அம்மா, உங்கள் அப்பா தேதிகள் ஏதும் சொல்கிறாரா?

நெல்லைச் சீமை:

எங்க சித்தப்பா 65ல பதான்கோட்ல இருந்தாவ. செப்டம்பர் 6 சாயங்காலம் பாகிஸ்தான் சேபர் விமானம் வந்து அடிச்சத இப்பவும் சொல்லுவாவ. “மிக் புதுசா வந்திருந்திச்சிடா, தொட்டுப் பாக்கவே விட மாட்டாவ, அது கண்ணு முன்னால எரிஞ்சிச்சி”ன்னு. வேற எதுவும் சொல்ல மாட்டாவ. எரிஞ்ச வாசன மூக்குல இருக்குன்னு மட்டும் சொல்லுவாவ. இது ரெக்கார்டுல இருக்கா வான்கணக்கு அண்ணே?

வான்கணக்கு:

இருக்கிறது. அன்று பதான்கோட்டில் தரையிலேயே பத்து விமானம்போல இழந்தோம், அதில் இரண்டு மிக்-21. அப்போது மிக் நம்மிடம் கையளவுதான். எரிந்த விமானங்களில் மற்றதை விட்டுவிட்டு மிக்கை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருப்பது ஆச்சரியம் இல்லை. சித்தப்பா சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

கழுகுக்கண்:

வான்கணக்கு போன்றவர்கள் எப்போதும் இப்படித்தான், நம் வீரர்கள் சொல்வதைச் சந்தேகப்படுவது. நம் நேட் சண்டை விமானத்துக்கு ‘சேபர் கொல்லி’ என்று பெயர் சும்மாவா வந்தது? அதை ஓட்டிய கீலர் சகோதரர்கள் இருவருக்கும் வீர் சக்ரா கொடுத்தார்களே, அதுவும் பொய்யா?

வான்கணக்கு:

பொய் என்று யார் சொன்னது? இருவரும் மேலே போய், அந்தக் காலத்தின் சிறந்த சண்டை விமானங்களில் ஒன்றோடு மோதினார்கள். பதக்கம் அதற்கு. ஆனால் 1965 செப்டம்பர் 3-ஆம் தேதி ட்ரெவர் கீலர் சுட்ட சேபர் சேதமாகித் தன் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது, ஓட்டியவரின் பெயரோடு. அண்ணன் டென்சில் 19-ஆம் தேதி சாவிண்டா பக்கம் சுட்டது வேறு சம்பவம். மணிக்கு எண்ணூறு தொள்ளாயிரம் கிலோமீட்டரில் திரும்பிக்கொண்டே சுடுபவருக்கு எதிரி விமானத்திலிருந்து புகையும் துண்டும் பறப்பது தெரியும், அது விழுந்ததா என்பது தெரியாது. நின்று பார்த்தால் அடுத்தவன் இவரைச் சுட்டுவிடுவான். அவர் கண்ணால் கண்டதை நேர்மையாகச் சொல்கிறார். அதுவே முழுக் கதை ஆகாது.

வங்காள எல்லையில் நடந்த போய்ரா சண்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1971 நவம்பர் 22, போர் அறிவிக்கும் முன்பே. கொல்கத்தா டம்டமிலிருந்து நான்கு நேட்கள்: மாஸி, கணபதி, லாசரஸ், சோவாரஸ். மூன்று சேபரை வீழ்த்தியதாக நம் கணக்கு. இரண்டு விழுந்தது உறுதி, விமானிகள் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார்கள். மூன்றாவது அடிபட்டு டாக்காவுக்குத் திரும்பிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. இதனால் அந்த நால்வரின் மதிப்பு ஒரு பொட்டு குறைந்துவிடுமா? பிடிபட்டவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரைஷி பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி ஆனார். லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுத, அவரும் பதில் போட்டார். சுட்டுக்கொண்டவர்களுக்குள் இருக்கும் நிதானம் நமக்கு இல்லை.

எதிரி சொன்னதைக் கேட்கவே கூடாது என்றால் தேவய்யாவின் கதை நமக்குக் கிடைத்தே இருக்காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குடகுக்காரர். முதலாம் ஸ்குவாட்ரன், மிஸ்டேர் விமானம். 1965 செப்டம்பர் 7 விடிவதற்கு முன் ஆதம்பூரிலிருந்து பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் பன்னிரண்டு மிஸ்டேர்கள் கிளம்பின. தேவய்யா அந்தப் பன்னிரண்டில் இல்லை, யாராவது கிளம்ப முடியாமல் போனால் பதிலுக்குப் போகக் காத்திருந்தவர். போனார், திரும்பவில்லை. கூடப் போனவர்களுக்கு அவருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது. ‘காணவில்லை’ என்பதோடு கோப்பு மூடப்பட்டது.

அன்று பாகிஸ்தான் ஒரு ஸ்டார்ஃபைட்டரை இழந்தது. ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் போகக்கூடியது அது. மிஸ்டேர் அதோடு மோதுவதை அன்றைக்கு யாரும் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார்கள். ஸ்டார்ஃபைட்டரிலிருந்து குதித்துத் தப்பிய அம்ஜத் ஹுசைன், ஒரு மிஸ்டேர் அடிபட்ட பிறகும் விலகிப் போகாமல் திரும்பி வந்து தன்னோடு சண்டையிட்டது என்று சொன்னார். பல ஆண்டுகள் கழித்துப் பாகிஸ்தான் பக்கத்துக் கதையை எழுதிய ஒரு பிரிட்டிஷ்காரரின் புத்தகத்தில் அது வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே அது யாராக இருக்கும் என்று தேடினார்கள். நேரமும் இடமும் பொருந்தியது தேவய்யாவுக்கு மட்டும். 1988-இல் மகாவீர் சக்ரா, இறந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகு. எதிரியின் வாக்குமூலத்தால் வந்த பதக்கம் அது. அந்த அம்ஜத் ஹுசைன் 71-இல் மறுபடி சுட்டு வீழ்த்தப்பட்டு நம்மிடம் போர்க்கைதியாக இருந்தார் என்பது தனிக்கதை.

கழுகுக்கண்:

தேவய்யா விஷயம் தெரியும். ஆனாலும் கணக்குப் பார்க்கிற நேரமா இது என்று தோன்றுகிறது. இருக்கிறவர்களே கொஞ்சம் பேர்தான்.

எல்லைக் கூடாரம்:

இருக்கிறவர்களில் நானும் ஒருவன். பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

எம்.ஓ.பி. என்று ஒன்று இருந்தது, யாருக்கும் தெரியாது. மொபைல் அப்சர்வேஷன் போஸ்ட். ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். பூமி வளைவு. தாழப் பறந்து வந்தால் ரொம்பக் கிட்டே வரும்வரை ரேடாருக்குத் தெரியாது. அதற்கு என்ன செய்வது? எல்லை ஓரமாக வரிசையாக ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். நாலைந்து பேர், ஒரு கூடாரம், ஒரு எச்.எஃப். ரேடியோ செட், பைனாகுலர். அவ்வளவுதான் ஆயுதம். துப்பாக்கி உண்டு, அதை வைத்து ஜெட்டை என்ன செய்வது?

பஞ்சாப் எல்லையில் ஒரு கரும்புக்காட்டு ஓரம் எங்கள் போஸ்ட். டிசம்பர் 3 சாயங்காலம் நான் செட்டில் இருந்தேன். முதலில் சத்தம் வரவில்லை, அதுதான் பலருக்குப் புரியாது. அவ்வளவு தாழ்வாக அவ்வளவு வேகமாக வந்தால் விமானம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் சத்தம் வந்து அறையும். வெளியே நின்ற மலையாளிப் பையன் கையைக் காட்டிக் கத்தினான். எத்தனை, எந்தத் திசை, தாழ்வா உயரமா, இதைச் சொல்லிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவை போயேவிட்டன. நாங்கள் சொன்னது போய்ச் சேர்ந்து, அங்கே சைரன் அடித்து, ஆட்கள் டிரெஞ்சில் குதிக்க எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று இன்றும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். அதிகம் போனால் ஓரிரு நிமிஷம். அந்த ஓரிரு நிமிஷத்துக்காகத்தான் மாசக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்துக் கிராமத்துச் சீக்கியப் பெண்கள் தினமும் லஸ்ஸியும் சோள ரொட்டியும் கொண்டு வருவார்கள். ராணுவம் ஊரைக் காலி செய்யச் சொல்லியும் ஒரு பெரியம்மா போகவில்லை. நான் பேசிய பஞ்சாபியில் பாதி தமிழ். அவருக்குப் புரிந்தது.

வான்கணக்கு தம்பி, எங்களை எந்த ரெக்கார்டில் தேடுவீர்கள்? நாங்கள் சொன்ன சேதியை அந்தப் பக்கம் யாரோ காகிதத்தில் எழுதி, மேப்பில் குறித்து, ஷிஃப்ட் முடிந்ததும் அழித்திருப்பார்கள்.

வான்கணக்கு:

ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது சொன்னதே பதிவு. பேரனிடம் சொல்லி இதை அப்படியே தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் குரலிலும்.

ஹாசிமாரா மகள்:

பழைய ஃபிட்டர் ஐயா சொன்னபடி செய்தேன். “அப்பா, ஹண்டர்ல எந்த வேலை கஷ்டம்?” என்று கேட்டதுதான் தாமதம். சாப்பாடு ஆறியது, மாத்திரை நேரம் போனது, அம்மா கத்தியும் நிற்கவில்லை. அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

ஹண்டருக்கு மூக்கின் அடியில் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். நான்கும், அதற்கான குண்டுப்பெட்டிகளும் சேர்ந்து ஒரே ‘பேக்’. மேஜை இழுப்பறையைக் கழற்றுவதுபோல அதை அப்படியே கீழே இறக்கிவிடலாம். குழல்கள் மட்டும் விமானத்திலேயே நிற்கும். விமானம் இறங்கி வந்ததும் காலியான பேக்கை வின்ச்சில் இறக்கி, ஏற்கெனவே நிரப்பி வைத்த பேக்கை ஏற்றுவது. பழகிய குழுவுக்குச் சில நிமிட வேலை. ஆகவே கஷ்டம் அங்கே இல்லை என்கிறார். கஷ்டம், பேக்கை நிரப்புவதில். ஒவ்வொரு பீரங்கிக்கும் நூற்றைம்பது குண்டு. உலோகக் கண்ணிகளால் பெல்ட்டாகக் கோத்து, மடிப்பு மடிப்பாக, ஒன்றுகூடப் புரளாமல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். ஒரு கண்ணி கோணினால் மேலே பீரங்கி அடைத்துக்கொள்ளும். அங்கே போய் விமானி பட்டனை அழுத்த, ஒன்றும் வராது.

குளிருக்குக் கையுறை கொடுத்தார்களாம். கையுறையோடு கண்ணி கோணியது தெரியாது என்று கழற்றிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்களாம். கண்ணியின் ஓரம் கத்தி மாதிரி அறுக்குமாம். வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் என்னிடம் நீட்டிக் காட்டினார். அந்தத் தழும்பை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். சமையலறையில் பட்டது என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். விமானம் இறங்கி ஓடி வரும்போதே, விமானி வாயைத் திறக்கும் முன்னே, இவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடுமாம். மூக்கின் கீழே குழல்வாய் கறுத்திருந்தால் சுட்டிருக்கிறார். அப்புறம் பேக்கை இறக்கி, எத்தனை குண்டு மிச்சம் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார்கள். “அவர் அங்க என்ன செஞ்சார்னு அவர் சொல்றது ஒரு கதை, எங்க புத்தகம் ஒரு கதை. சில நாள் ரெண்டும் பொருந்தும்” என்று சொல்லிச் சிரித்தார்.

தேதி கேட்டீர்களே வான்கணக்கு சார். டாக்காவில் கிழக்குப் பாகிஸ்தான் கவர்னர் மாளிகையை அடித்த அன்று தங்கள் ஹண்டர்களும் போனதாகச் சொல்கிறார். எல்லோரும் மிக் அடித்தது என்றே எழுதுகிறார்கள். மேலும் அவர் அது 16-ஆம் தேதி காலை என்கிறார்.

வான்கணக்கு:

அப்பாவுக்கு என் வணக்கம். தேதி மட்டும் 14. அன்று முதலில் போனவை பிஷ்னோய் தலைமையில் 28-ஆம் ஸ்குவாட்ரன் மிக்-21கள், மாளிகையின் கூரையில் ராக்கெட் அடித்தவை. அவற்றுக்குப் பின்னால் ஹாசிமாராவின் 37-ஆம் ஸ்குவாட்ரன் ஹண்டர்கள் போனது உண்மை. அந்த ஹண்டர்களுக்குத் தலைமை தாங்கிப் போனவர் எஸ்.கே. கௌல், பின்னாளில் விமானப்படைத் தளபதி. கவர்னர் மாலிக் அன்றே ராஜினாமா எழுதினார். 16-ஆம் தேதி பாகிஸ்தான் படையின் சரணாகதி. இரண்டும் அவர் மனதில் ஒன்றாகிவிட்டன. அப்பா பேசும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள், அவர் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் உங்கள் குறிப்பாக 14 என்று போடுங்கள்.

அந்தக் குண்டுப் பதிவேடு விஷயம் எனக்குப் புதிது. விமானியின் அறிக்கை, கன் கேமரா ஃபிலிம், எதிரியின் இழப்புப் பட்டியல் இவற்றைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். மிச்சக் குண்டை எண்ணியவரிடம் யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை.

கழுகுக்கண்:

ஹாசிமாரா அக்கா, தழும்பு விஷயம் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டத் தோன்றவில்லை. மேலும் எழுதுங்கள். சண்டை நான் போடவில்லை.

பழைய ஃபிட்டர்:

பதிவேடு என்றதும் ஃபார்ம் 700 ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று உண்டு. எஞ்சின், ஏர்ஃபிரேம், எலக்ட்ரிக்கல், ஆயுதம், ரேடியோ என்று ஒவ்வொரு டிரேடுக்காரனும் தன் வேலையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விமானி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். அதன் பிறகு விமானம் அவருடையது.

விமானம் திரும்பாவிட்டால் முதலில் நடப்பது, அந்தப் புத்தகத்தை எடுத்துப் பூட்டிவிடுவார்கள். விசாரணைக்கு. போரில் சுட்டு விழுந்ததோ பழுதாகி விழுந்ததோ, அன்று யாருக்குத் தெரியும்? அன்று கடைசியாகக் கையெழுத்துப் போட்ட எல்லோரும் பில்லட்டில் (தங்கும் இடத்தில்) படுத்துக்கொண்டு ஒன்றையே யோசிப்போம். அந்த பைப் கிளிப்பை இறுக்கினேனா? மூடியைப் பூட்டினேனா? பூட்டினேன் என்று தெரியும். இருந்தாலும் தூக்கம் வராது. மெஸ்ஸில் அந்த விமானியின் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். அவர் பிடிபட்டு உயிரோடு இருக்கிறார் என்று பின்னால் ரேடியோவில் தெரியவந்தால், எங்கள் சார்ஜன்ட் நேராக வந்து, “எஞ்சின் நின்னு போகலையாம்டா, ஃபிளாக் அடிச்சதாம்” என்பார், ஃபிளாக் என்றால் தரையிலிருந்து சுடும் விமான எதிர்ப்பு பீரங்கி. எஞ்சின் பையன்களுக்கு அதுதான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

இதை நான் என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

கொக்குவில்:

நான் இதுக்குள்ள எழுதலாமோ தெரியாது. நான் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இந்திய விமானப்படையோட ஒரு நினைவு இருக்கு, மேலயிருந்து இல்ல, கீழயிருந்து.

87 யூன் 4 பின்னேரம். இந்திய ஆன்டனோவ் சரக்கு விமானம் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. சனம் றோட்டில நிண்டு கைகாட்டினது. மேல மிராஜ் சண்டை விமானம் சுத்திக்கொண்டு நிண்டது. எங்கட அம்மம்மா கும்பிட்டவா. அரிசியும் பருப்பும் எங்கட பக்கம் விழேல்ல, வேற பக்கம்தான் விழுந்தது, எண்டாலும் கும்பிட்டவா.

பிறகு அதே வருசம் ஒக்டோபர். 11-ஆம் திகதி இரவு பல்கலைக்கழக மைதானத்துக்கு இந்தியப் படையின்ர ஹெலி வந்தது. நாங்கள் வீட்டுக்குள்ள படுத்திருந்தம், எழும்பேல்ல. வெளிச்சம் ஒண்டும் போடாமல் ஹெலி இறங்கினது, சத்தம் மட்டும். பிறகு விடியவிடிய வெடி. இறங்கின சீக்கியப் படையாக்களில ஒருத்தர் மட்டும்தான் மிஞ்சினவர் எண்டு பிறகு வாசிச்சன். அதுக்குப் பிறகான கிழமைகளில எங்கட சனம் எத்தினை பேர் போனது எண்டு நான் இதில எழுதேல்ல.

அந்த ஹெலி ஓட்டின ஆக்களில யாரும் தமிழரோ எண்டு நான் கனகாலம் யோசிச்சனான். சண்டை பிடிக்கிற நோக்கம் இல்ல. கேட்டு வைக்கிறன்.

எல்லைக் கூடாரம்:

தம்பி, நீங்கள் எழுதலாம். அப்போது நான் பணியிலிருந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்த எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் அங்கே போனார்கள். திரும்பி வந்து 71-ஐப் பற்றிப் பேசுவது மாதிரி அதைப் பேசவில்லை. ஒருவன் மட்டும் சொன்னான், ரேடியோவில் கீழே இருப்பவர்கள் தமிழில் பேசுவது கேட்டது என்று. மேற்கொண்டு நானும் கேட்கவில்லை.

பஞ்சாபில் எனக்கு லஸ்ஸி கொடுத்த பெரியம்மா ஞாபகம் இருக்கிறது. உங்கள் அம்மம்மா கும்பிட்டதையும் இனி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நெறியாளர்:

87 பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன். கொக்குவில் அவர்களின் பதிவு இங்கேயும் இருக்கும், நீக்க மாட்டேன். அரசியல் விவாதம் வேண்டாம், நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

பாக்கெட் பேரன்:

தாத்தா 62-இல் விமானப்படையில் இருந்தார், ‘பாக்கெட்’ விமானம் என்று மட்டும் பாட்டி சொல்வார். அவர் காலமாகிப் பல வருஷம். ஒரு தகரப்பெட்டியில் பதக்கங்கள், பழைய கவர்கள், நீல அட்டைப் புத்தகம் ஒன்று இருக்கின்றன. இதிலிருந்து அவர் எங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

வான்கணக்கு:

தாராளமாக. பாக்கெட் என்பது சி-119, லடாக் தளங்களுக்குச் சரக்குக் கொண்டு போனது. உயரத்தில் மூச்சு வாங்குகிறது என்று அதன் முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினை நம் ஆட்கள் மாட்டினார்கள். 62 சீனப் போரில் சண்டை விமானங்களைக் களத்தில் இறக்கவே இல்லை. சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும்தான் உழைத்தன. ஆன்டனோவ்-12, லடாக்கின் சுஷூலுக்கு ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளையே தூக்கிக்கொண்டு போனது.

பெட்டிக்கு வருவோம். பதக்கங்களின் விளிம்பையும் பின்புறத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். ‘சமர் சேவா ஸ்டார்’ இருந்தால் 65-இல் களப்பகுதியில் இருந்திருக்கிறார். ‘ரக்ஷா மெடல்’ அந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவானது. 71-க்குப் ‘பூர்வி ஸ்டார்’ என்றால் கிழக்கு, ‘பஸ்சிமி ஸ்டார்’ என்றால் மேற்கு. ‘சங்கிராம் மெடல்’ மட்டும் இருந்தால் களப்பகுதிக்கு வெளியே பணியில் இருந்தார் என்று கொள்ளலாம். பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

கவர்களில் முகவரி 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்றிருந்தால் பெரும்பாலும் மேற்கு, வடக்குப் பக்கம். 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு. அஞ்சல் முத்திரையின் தேதியையும் குறித்துக்கொண்டால் எந்த மாதம் எந்தப் பக்கம் என்று ஓரளவு வரிசை கிடைத்துவிடும்.

ஹாசிமாரா மகள்:

அப்பாவிடம் பூர்வி ஸ்டார் இருக்கிறது! அதைப் பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குக் கொடுத்தது என்று என் பையன் நினைத்துக்கொண்டிருந்தானாம். இந்த ஞாயிறு ஃபார்ம் 700 பற்றிக் கேட்கப் போகிறேன். இந்தத் தடவை மாத்திரை கொடுத்த பிறகுதான் ஆரம்பிப்பேன்.

பழைய ஃபிட்டர்:

பாக்கெட் பேரன், அந்த நீலப் புத்தகம் டிஸ்சார்ஜ் புக்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதில் டிரேடு, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கும். முதல் பக்கத்தில் உள்ள சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் ஒன்றும் நடக்காது. டெல்லி சுப்ரதோ பார்க்கில் விமானப்படை ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். பாட்டி குடும்பப் பென்ஷன் வாங்குகிறார் என்றால் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) நகலும், வாரிசுச் சான்றும் கூடவே வையுங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், அங்கே இருப்பவர்களும் எங்களை மாதிரி ஆட்கள்தான், உட்கார வைத்து எழுதித் தருவார்கள். காலையில் சீக்கிரம் போங்கள். பாட்டியையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது, தாத்தாவின் டிரேடு என்ன என்று அவருக்கே தெரிந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.